பிசின்

சிங்காநல்லூர் ஆஸ்பத்திரி, ரெக்கார்டு அறை.
என் மேசைக்கு ஒரு கால் குட்டை.
மருத்துவ அகராதியின் மூன்றாம் பாகத்தை
அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.
எஸ் முதல் இசட் வரை பார்ப்பதென்றால்
மேசையைத் தூக்க ஆள் கூப்பிட வேண்டும்.
நல்லவேளை, இந்தச் சொல் பி-யில் இருந்தது.

பிஸினோஸிஸ்.
டாக்டரின் கிறுக்கலைப் பிரித்தெடுப்பதற்குள்
டீ ஆறிவிட்டது.

பிஸோஸ், கிரேக்கம்.
ஆளி நாரில் நெய்த மெல்லிய துணி.
கிரேக்கனுக்கும் அது இரவல்தான்,
கிழக்கேயிருந்து மூட்டை கட்டி வந்தவர்களிடம்
துணியோடு சேர்த்து வாங்கிய சொல்.
எகிப்தில் செத்த ராசாக்களை
அதில்தான் சுற்றினார்களாம், அடுக்கடுக்காக.

கால் மணி நேரம் எனக்கு
யாருடைய நெஞ்சு வலியும் நினைவில் இல்லை.
சொல் கிடைத்தால் நான் அப்படித்தான்.
போன வருசம் கார்டிங்குக்கு வேர் தேடிப் போய்
லத்தீனில் ஒரு முள்செடியில் குத்திக்கொண்டேன்.
நம்மூர்ப் பிரம்மதண்டுக்குத் தூரத்து உறவு மாதிரி
படத்தில் இருந்தது.
அதன் காய்ந்த தலையால் கம்பளி மயிரைக் கோதினார்களாம்.
இன்று எந்த மில்லிலும் அந்தச் செடி இல்லை.
பேர் மட்டும் இரும்புப் பல்லோடு சுற்றுகிறது.

வெளியே பெஞ்சில் மயிலாத்தாள்.
இருகூர். கார்டிங்கில் பத்தொன்பது வருசம்.
வேலைக்குப் போய் ஏழு மாசமாகிறது.
புருவத்தில் பஞ்சு இல்லை,
இருந்தும் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

மூச்சு எப்போது அதிகம் முட்டும்?
படிவம் கேட்டதை நான் கேட்டேன்.

"திங்கக்கெழமைங்.
ஞாயித்துக்கெழம லீவுல நெஞ்சு தெளிஞ்சிருமுங்.
திங்கக்கெழம உள்ள போனா
ஆரோ ஏறி உக்காந்தாப்ல இருக்கும்.
செவ்வாக்கெழம பரவால்லீங்.
சூப்பரைசரு சொல்லுவாரு,
லீவு எடுக்கறதாலதான் வருது,
லீவே எடுக்காதேம்பாரு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அகராதியிலும் திங்கட்கிழமை இருந்தது,
அடியில், பொடி எழுத்தில்.
சீமை மில்களில் அந்தக் கிழமைக்கே
ஒரு காய்ச்சலின் பேர் இருந்ததாம்.
தென்னாட்டு மான்செஸ்டர் என்று
ஐந்தாம் வகுப்பில் கத்திப் படித்தோமே,
இதையும் சேர்த்துத்தான் இறக்கியிருக்கிறோம்.

"எந் நோவுக்குப் பேரு என்னங்?"

சொன்னேன்.

"பிசினுங்களா?"

இன்னொரு தரம், மெதுவாகச் சொன்னேன்.

"அதாங், வேலாமரத்துப் பிசினு.
சரியாத்தான் வெச்சிருக்காங்க.
ஒட்டீட்டா உரியாதுங்."

எகிப்து ராசா என் நாக்கு நுனி வரை வந்தான்.
செத்தவனைச் சுற்றிய துணி,
அதன் பேர்
உயிரோடு நூற்றவள் நுரையீரலில்
எப்படி வந்து படிந்தது என்று
இவளிடம் நான் விளக்குவதா?
விழுங்கிக்கொண்டேன்.

ஒன்பதாவது கட்டம்: நோயின் பெயர், தமிழில்.
கலைச்சொல் பட்டியலில் இருப்பது
பஞ்சுத்தூசி நுரையீரல் நோய்.
கட்டமோ ஒரு விரல் அகலம்.
பிசின் என்று எழுதினேன்.
அவள் குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
பிறகு கையெழுத்துப் போட்டாள்,
இன்ஷியலோடு, முழுசாக.

பன்னிரண்டாம் நாள் கோப்பு திரும்பி வந்தது.
ஒன்பதில் சிவப்பு மை வட்டம்.
எழுத்துப்பிழை. திருத்தி அனுப்பவும்.

பன்னிரண்டு நாள்.
ஒரு சொல் எனக்கு இனித்ததற்கு
அவள் வீட்டில் யாரிடம் கைமாற்று வாங்கினார்களோ.

இன்று திங்கட்கிழமை.
மேல் அடித்து, பட்டியலில் உள்ளபடி எழுதினேன்.
பஞ்சுத்தூசி மட்டும் கட்டத்துக்குள் அடங்கியது.
நுரையீரல் கோட்டின் மேல் ஏறியது.
பத்தாவது கட்டம்: குணமாகும் வாய்ப்பு.
அதற்குள் போய் நின்றது
நோய்.